அர்த்தநாரி பார்த்த மிலிட்டரி வண்டி

அர்த்தநாரியின் பட்டறைக்கு எதிரேதான் என் பஞ்சர் கடை. நாமக்கல்லில் லாரிக்கு வயரிங் பார்ப்பவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். தன்னைத் தவிர மற்றவர்களெல்லாம் கல்யாண வீட்டுக்கு சீரியல் லைட் கட்டப் போகலாம் என்பது அர்த்தநாரியின் தாழ்மையான அபிப்பிராயம். வேலை முடிந்த வண்டிக்குத் திருஷ்டி படாமலிருக்க அவர் கையாலேயே ஓர் எலுமிச்சம்பழம் குத்துவார். அதைக் குத்தாமல் எந்த வண்டியையும் வெளியே விடமாட்டார்.

சௌந்திரம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் பெண்மணி. ராணுவம் ஏலத்தில் கழித்துவிட்ட பழைய லாரியை வாங்கி, பின்னால் தண்ணீர் டேங்க் டிரெய்லரை மாட்டி, தானே ஓட்டுவார். கோடையில் பண்ணையின் போர்வெல் வற்றிவிடும். பொழுது சாய்ந்த பிறகும் ஒரு நடை தண்ணீர் அடிக்காவிட்டால் கோழிகள் செத்து விழும். அந்த நேரம் பார்த்துத்தான் டிரெய்லரின் பின்லைட் அணையும்.

முதலில் அர்த்தநாரி பல்பை மாற்றினார், பழம் குத்தினார். ஒரு வாரம் எரிந்தது. பிறகு சாக்கெட்டை மாற்றினார். பழம். அப்புறம் வயர் மொத்தத்தையும் உருவிப்போட்டுப் புதிதாக இழுத்தார். அதற்கும் பழம்.

"மிலிட்டரிக்காரன் வண்டிங்க அம்மிணி. எதிரி கண்ணுக்குத் தெரியக் கூடாதுன்னே அணையற மாதிரி பண்ணி வெச்சிருக்கான்" என்று விளக்கம் வேறு. எல்லையில் நின்றவர்கள் மேல் பழி போடும் துணிச்சல் எங்கள் தெருவில் அவருக்குத்தான் உண்டு.

மறுபடி சௌந்திரம் வந்தபோது டிரெய்லரின் மூலை நசுங்கியிருந்தது. பிரேக் பிடித்தது தெரியாமல் பின்னால் வந்த முட்டை லாரி உரசியிருக்கிறது.

"ஏனுங்கண்ணா, இன்னும் கொஞ்சம் நெருங்கியிருந்தா டேங்கோட என்னையும் பள்ளத்துல தள்ளியிருப்பானுங்க" என்றார்.

அர்த்தநாரி டிரெய்லருக்கு அடியில் படுத்து எர்த் வயரைத் தடவிக்கொண்டே போனார். பல்புக்குப் போன கரண்ட் திரும்பி வர வேண்டுமானால் அந்த வயர் சேஸிஸ் இரும்போடு ஒட்டியிருக்க வேண்டும். அதை முறுக்கியிருந்த போல்ட் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, பழம் குத்த அவ்வளவு வாகாக. அதில் வாடிய எலுமிச்சம்பழம் ஒன்று. வழிந்த சாறு போல்ட்டையும் வயர் முனையையும் அரித்துத் தின்றிருந்தது. முதல் தடவை பல்பு போயிருக்கும். அதற்குப் பின் போல்ட்டைக் கழற்றி முறுக்கியபோதெல்லாம் விளக்கு எரிந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் பழம் அதை அணைத்திருக்கிறது.

"எவன்டா இதுல பழத்தக் குத்துனது?" என்று கத்தினார்.

தெருவே அவரைத்தான் பார்த்தது.

துருவைச் சுரண்டி, வயர் முனையை மாற்றி, இறுக்கி முறுக்கினார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. பழக்கதோஷத்தில் கை சட்டைப் பைக்குள் போய்ப் புதுப் பழத்தோடு வெளியே வந்தது. சௌந்திரம் கையை நீட்டினார்.

"அத இங்க குடுங்க. ஊட்டுல பிழிஞ்சு குடிச்சுக்கறேன்."

மன்னிப்புக் கேட்பதெல்லாம் அர்த்தநாரியின் பரம்பரையிலேயே கிடையாது. லாரி கிளம்பியதும் மொபெட்டை உதைத்தார்.

"எங்கண்ணா?" என்றேன்.

"டீ குடிக்க."

டீக்கடை எங்களுக்கு அடுத்த கடை. மறுநாள் சௌந்திரம்தான் சொன்னார்: "பின்லைட்டப் பாத்துக்கிட்டே பண்ணை கேட்டு வரைக்கும் பொறகாலயே வந்தாருங்க. உள்ள வாங்கன்னா, டீ குடிக்கப் போறேன்னு திரும்பிட்டாரு."