கூட்டத்துக்குப் போக இருந்த அண்டா

“…அப்ப எம்புருசனத் தூக்குறப்ப நாலு சனம் கூடுனா கிருமி வந்துரும். இவுக கூட்டம் போட்டா மட்டும் அது ஓரமா நின்னு கை தட்டிட்டுப் போயிருமா? சொல்லுங்க தலைவரே. சொல்லிட்டு அப்புறம் அந்த அண்டாவ லொறியில ஏத்துங்க.”

கோயில் வாசலில் நின்றிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். கேட்ட அக்கா சிரிக்கவில்லை, தலைவரும் சிரிக்கவில்லை. தலைவர் என்றால் எங்கள் தோட்டத்தின் தொழிற்சங்கத் தலைவர். கோயில் கமிட்டியும் அவர் கையில்தான். அக்கா எனக்குப் பக்கத்துக் காம்பரா. லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, நடுவில் ஒரே ஒரு சுவர். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கத்தில் தண்ணீர் மொண்டு வைப்பார்கள், அவ்வளவு நெருக்கம். அந்த நெருக்கத்துக்குள் உட்கார்ந்துகொண்டுதான் ‘இடைவெளி பேணுங்கள்’ என்ற அறிவிப்பை நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

கொரோனாவின் முதல் வருஷம் அது. தள்ளிப் போட்ட தேர்தல் திரும்பி வந்திருந்தது. லுணுகலை டவுனுக்கும் தோட்டத்துக்கும் நடுவே நான் த்ரீவீல் ஓட்டுகிறேன். பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம்தான். மிச்சத்தைப் பின் சீட்டில் உட்கார்ந்து வந்தவர்கள் பேசிப் பேசியே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். ஊரடங்கில் வண்டி நின்றது, பேச்சு நிற்கவில்லை. டவுனில் கடையெல்லாம் சாத்திக் கிடந்த நாட்களிலும் தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெரட்டு போட்டார்கள். ஆளைப் பிரித்து மலைக்கு அனுப்பினார்கள். தேயிலை அத்தியாவசியமாம். “மலை ஏறுனா கிருமிக்கு மூச்சு வாங்கும் போல, அதான் நம்மள மட்டும் தைரியமா அனுப்புறாங்க” என்று கொழுந்து எடுக்கிற பெண் ஒருத்தி சொன்னாள். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் சனத்துக்குக் கோபம் வந்தால் முதலில் சிரிப்புதான் வரும், வெளியாள் யாராவது பார்த்தால் சந்தோஷமாக இருக்கிறோம் என்று நினைத்துக்கொள்வார்.

கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் ஒருவருடைய மூச்சு இன்னொருவர் பிடரியில் படும். லயத்துக் குழாயடியில் வாளியோடு வாளி இடிக்கும். இதற்கெல்லாம் யாரும் தடை போடவில்லை. சாவுக்குத்தான் போட்டார்கள்.

அக்காவின் புருஷனை நான் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிற வேலை. தோட்டத்தில் கல்யாணமோ சடங்கோ சாவோ, எது வந்தாலும் அடுப்பு மூட்ட அவர் வந்து நின்றுவிடுவார். கூலிக்கு இல்லை, யாரும் கூப்பிடவும் வேண்டாம். அகப்பையை வேறு யாராவது தொட்டால், “அது பொண்டாட்டி மாதிரிடா, கண்டவன் கையில குடுக்க முடியாது” என்பார். “அப்ப ராத்திரிக்கு அது பக்கத்துலயே படுத்துக்கங்க” என்று அக்கா அங்கிருந்தே சத்தம் கொடுப்பார். இந்தச் சண்டையைக் கேட்பதற்கென்றே வெங்காயம் உரிக்க வருகிறவர்கள் உண்டு.

நெஞ்சு வலி என்று பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பெட்டியில் திரும்பி வந்தார். கொரோனா இல்லை என்று சோதித்துச் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் சுகாதாரப் பரிசோதகர் ஐயா வந்து, அன்றைக்கே அடக்கம், நெருங்கிய சொந்தம் மட்டும், தப்பு மேளம் அடிக்கக் கூடாது, சோறு போடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஊரே பயந்திருந்த காலம், அவர் வேலையை அவர் செய்தார். நாங்களும் மறு பேச்சுப் பேசாமல் அவரவர் வாசலில் நின்றுகொண்டோம். பெட்டி எங்களைத் தாண்டிப் போயிற்று.

சாவு வீட்டுக்கு வருகிற எங்கள் பெண்கள் அந்த வீட்டுப் பெண்ணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். ஒருத்தி விட்டால் அடுத்தவள் வந்து பிடித்துக்கொள்வாள். அக்காவைக் கட்டிக்கொள்ள அன்றைக்கு ஒருத்தியும் இல்லை. ஒரே மகளை மொனராகலைப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மாவட்டம் தாண்டி வர விடவில்லை. அவளுக்குக் காட்ட என்று என்னை மட்டும் பெட்டியோடு போக விட்டார்கள், என் போனை வீடியோவில் போட்டுப் பெட்டிக்கு மேலே பிடித்தேன். அந்தப் பக்கத்திலிருந்து அழுகை விட்டு விட்டு வந்தது. பிறகு சிக்னல் போய், வாய் திறந்த முகம் அப்படியே அசையாமல் நின்றுவிட்டது. அந்த முகத்தோடேயே நான் குழிக்கரை வரைக்கும் போனேன்.

இரண்டொரு நாள் கழித்து அக்கா சொன்னார்: “செவுத்தப் புடிச்சிக்கிட்டு அழுதேன் தம்பி. செவுரு திரும்பிக் கட்டிக்குமா?” சொல்லிவிட்டு அடுத்த மூச்சிலேயே, “பரவால்ல. சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தானே” என்றார்.

எல்லாருக்கும் என்று அவர் நம்பினார்.

கருமாதி ஒரு ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. அதற்குள் பஸ் ஓடத் தொடங்கி, மகள் வந்து சேர்ந்துவிட்டாள். கூட்டம் கூட மட்டும் இன்னும் தடை இருந்தது. அக்கா யாரையும் வீட்டுக்கு அழைக்க நினைக்கவில்லை. சோறும் பருப்பும் காய்கறியும் ஆக்கி, இலையில் பொட்டலம் கட்டி, தாயும் மகளுமாக ஒவ்வொரு காம்பரா வாசலிலும் வைத்துவிட்டு வருவது என்று அவரே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். அவரவர் வீட்டில் அவரவர் சாப்பிட்டுக்கொள்ளலாம். “ஊரு பூரா ஆக்கிப் போட்ட மனுசன். அவரு பேரச் சொல்லி ஒரு வாய் சோறு யாரும் திங்கல. அதுதான் தம்பி எனக்கு நெஞ்சுலயே நிக்கிது.” பரிசோதகர் ஐயாவிடம் நான்தான் போன் போட்டுக் கேட்டேன். ஆள் சேராமல் கொடுத்தால் சரி என்று சொன்னார். லயம் முழுக்க ஆக்குவதற்குக் கோயில் அண்டா வேண்டும். அதையும் தலைவர், “எடுத்துக்கம்மா, இதுக்கெல்லாமா கேப்ப” என்று வாயாரச் சொல்லியிருந்தார்.

அந்த அண்டா தோட்டத்து ஆட்கள் எல்லாரும் சந்தா போட்டு வாங்கியது. யார் வீட்டு விசேஷத்துக்கும் போகும். ஒரே ஒரு வழக்கம் உண்டு: சாவு வீடு கேட்டால் அதற்குத்தான் முதல். ஒரு தடவை கீழ் லயத்தில் கல்யாணத்துக்கு அரிசி களைந்து வைத்திருந்த நேரத்தில் மேல் லயத்தில் ஒரு சாவு. கல்யாண வீட்டுக்காரர் அண்டாவைக் காலி செய்து கொடுத்து அனுப்பிவிட்டு, அக்கம்பக்கத்தில் வாங்கிய சட்டிகளில் கொஞ்சம் கொஞ்சமாக ஆக்கி, மாப்பிள்ளை வீட்டாரைச் சாப்பிட வைத்தார். சோறு ஒரு சட்டியில் குழைந்து ஒரு சட்டியில் விதையாக இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் கட்சிக்காரர்கள் வந்தார்கள். அதே ஞாயிறு, லுணுகலை டவுன் மைதானத்தில் பெரிய கூட்டம். பசறை, எல்ல என்று எல்லாப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் லொறியில் ஆள் வரும். வருகிற ஆளுக்குச் சாப்பாடு. பெண்கள் ஒரே நிறத்தில் சேலை கட்டி முன் வரிசையில் நெருங்கி நிற்க வேண்டும், போட்டோவில் இடைவெளி தெரியக் கூடாதாம். தப்பு செட்டுக்கும் சொல்லி அனுப்பிவிட்டார்கள், வேட்பாளர் இறங்கும்போது அடிப்பதற்கு. மச்சானுக்கு அடிக்க விடாத அதே தப்பு.

எங்கள் ஸ்டாண்டில் ஒரு த்ரீவீல், அதுவரை ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ‘வீட்டிலேயே இருங்கள், ஒன்றுகூடாதீர்கள்’ என்று தோட்டம் தோட்டமாகப் போய்க்கொண்டிருந்தது. இப்போது ‘அலையலையாகத் திரண்டு வாருங்கள்’ என்று அதே வண்டி அதே ரோட்டில் வந்தது. “உனக்கே வெக்கமா இல்லையாடா?” என்று ஓட்டுகிறவனை மறித்துக் கேட்டேன். “ரெக்கோடிங்க மாத்துனது அவுங்கண்ணே, நான் வண்டிய மட்டுந்தான் ஓட்டுறேன்” என்றான். அவனைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? சவாரி நின்று கிடந்த மாதங்களில் அவன் வீட்டிலும் அடுப்பு எரியவேண்டும்தானே.

சனிக்கிழமை கொழுந்து நிறுத்து முடிந்ததும் எல்லாரையும் கோயில் வாசலுக்கு வரச் சொன்னார் தலைவர். யார் யார் எந்த லொறியில் ஏறுவது என்று பேசுவதற்கு. கூட்டத்துச் சாப்பாட்டுக்கு லொறியில் ஏற்ற, கழுவிக் கவிழ்த்த அண்டா வாசலில் கிடந்தது. மலையிலிருந்து நேரே வந்த அக்கா அதைப் பார்த்தார். பார்த்த பிறகுதான் அந்தக் கிருமியைப் பற்றிய கேள்வி.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஒன் வருத்தம் எனக்குப் புரியாம இல்ல தாயி. ஆனா யோசிச்சுப் பாரு. மத்த கட்சிக்காரன் எல்லாம் டவுன்ல கூட்டம் போட்டுட்டான். நாம கதவச் சாத்திக்கிட்டு இருந்தா நம்ம வோட்டு செதறிப் போயிரும். நமக்குன்னு ஒரு ஆளு பாராளுமன்றத்துல இல்லன்னா, நாளைக்கு இந்த லயத்துக்குக் கூரைத் தகரம் கேக்க யாரு இருக்கா?”

பொய் இல்லை. எங்கள் வோட்டு பல பேருக்குப் பிரிந்து ஒருவரும் இல்லாமல் போய்விடுவோமோ என்ற பயம் பதுளை மாவட்டத்தில் எங்கள் எல்லாருக்கும் உண்டு. அந்தப் பயத்தைக் காட்டித்தான் ஒவ்வொரு தேர்தலுக்கும் எங்களை லொறியில் ஏற்றுகிறார்கள். தகரம் கூரையில் ஏறியதை நான் பார்க்கவில்லை.

“ஆளு வேணும், சரி தலைவரே” என்றேன் நான். “அவரு லயத்துக்கு வரட்டுமே. தனியா, மாஸ்க்க போட்டுக்கிட்டு வாசல்ல நின்னு பேசிட்டுப் போகட்டும். நாங்க காம்பராவுல இருந்தே கேக்குறோம்.”

“வாய மூடிக்கிட்டு வந்தா அப்புறம் அவருக்கு இங்க என்னா வேல?” என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. கிருமிக்கு மூச்சு வாங்கும் என்று சொன்னவள்தான்.

மறுபடியும் சிரிப்பு. தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. “சிரிங்க, நல்லா சிரிங்க. ஆயிரம் பேரு வந்து நின்னாத்தான் மேல உள்ளவனுக்கு நம்மளக் கண்ணுக்குத் தெரியும். வீட்டுக்குள்ள கெடக்குறவன யாரு எண்ணுறா?”

“எண்ணப் போறது வோட்டத்தானுங்களே, தலைய இல்லையே?” என்றேன்.

“நீ வாய மூடுடா. ஒனக்கு வண்டி ஓட்டத் தெரியும், அரசியல் தெரியாது.”

அக்கா எங்கள் சண்டைக்குள் வரவில்லை. அவர் தன் கேள்வியிலேயே நின்றார். “அந்த ஆயிரத்துல ஒருத்தருக்கு இருந்துச்சுன்னா தலைவரே? ரோட்ட மறிச்சு லயத்தப் பூட்டிருவாங்க. வேலைக்குப் போக முடியாது, பேரு விழாது, சம்பளம் வராது, கடையில அரிசி தர மாட்டான். அப்ப அந்த ஐயா வந்து எட்டிப் பாப்பாரா? எங்க வீட்டுச் சாவுக்கு வராதவங்க பூராவும் நாளைக்கு அங்க ஒட்டிக்கிட்டு நிப்பாங்க. அவங்கள நான் சொல்லல. சட்டம்னு சொன்னீங்க, கேட்டாங்க. இன்னைக்கு வாங்கன்னு சொல்றீங்க, வர்றாங்க. சொல்ற வாயிதான் ஒண்ணா இருக்கு.”

யாரோ மெதுவாக, சாவு வீட்டுக்குத்தானே அண்டா முதலில் என்றார்கள். “இது சாவு இல்ல, கருமாதி” என்றார் தலைவர் வெடுக்கென்று. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, “சரி தாயி, சண்ட வேணாம். அடுத்த ஞாயித்துக்கெழம வச்சிக்க. நானே அரிசி தாறேன். தேர்தலையே தள்ளி வச்சாங்க, ஒரு கருமாதியத் தள்ளி வைக்கக் கூடாதா?” என்றார்.

எத்தனையோ பேர் சொன்ன எத்தனையோ பேச்சுகளை ரசித்து மனதில் வைத்திருக்கிறேன். இதையும் வைத்திருக்கிறேன், ரசித்து இல்லை. தொழிலாளிக்காகப் பேசிப் பேசி முடி நரைத்த ஒரு மனிதர், அதே தொழிலாளியின் சாவைத் தேர்தலுக்கு ஏற்ற மாதிரி நகர்த்தி வைக்கலாம் என்று நினைத்தார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. உதவி செய்வதாகத்தான் நினைத்தார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. சுற்றி நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். தகரம் வேண்டியவர்கள், மகனுக்கு வேலை வேண்டியவர்கள், தலைவரிடம் நாளைக்கே ஏதாவது ஒன்றுக்குப் போய் நிற்க வேண்டியவர்கள். இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை.

“தேர்தலத் தள்ளி வச்சது உசுரோட இருக்குறவங்க சாகக் கூடாதுன்னு” என்றார் அக்கா. “எம்புருசன் செத்துட்டாரு தலைவரே. அவருக்கு நாள் வச்சது நீங்களும் இல்ல, நானும் இல்ல.”

முதுகிலிருந்த கொழுந்துக் கூடையை இறக்கி வைத்து, அதன் கயிற்றை அவிழ்த்தார். கவிழ்ந்து கிடந்த அண்டாவின் இரண்டு காதுகளிலும் கயிற்றைக் கோத்து, இழுத்துப் பார்த்து முடிச்சுப் போட்டார். கம்பு கொடுத்து இரண்டு ஆண்கள் தூக்குகிற அண்டா அது. நான் ஒரு எட்டு முன்னால் வைத்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டார். மாஸ்க்கை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, குந்தி, கயிற்றைத் தலையில் மாட்டி, கொழுந்து சுமக்கிற மாதிரியே அதை முதுகில் ஏற்றிக்கொண்டு எழுந்தார். “வைம்மா அத, வையின்னு சொல்றேன்ல” என்று தலைவர் சத்தம் போட்டார். அக்கா குனிந்த தலை நிமிராமல், லயத்துக்கு இறங்குகிற படியில் காலை வைத்தார்.