ஜப்பான் குக்கரும் லயத்துக் கரண்டும்

“இது நூறு வோல்ட் குக்கர். நம் கரண்ட் இருநூற்று முப்பது. அடாப்டர் பின்னைத்தான் மாற்றும், கரண்டை மாற்றாது.” இன்று நான் வாய்விட்டுச் சொல்லாமல் விழுங்கியது இது.

ஜப்பானில் வேலை பார்க்கும் மாமா, தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்துக்கு, அம்மாவுக்காகத் தூக்கி வந்த குக்கர் அது. இனி விடியற்காலையில் அடுப்பு ஊதாமல் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகலாம் என்று அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஹட்டன் டவுனில் வாங்கிய அடாப்டரை மாமா சொருகினார். குக்கரின் அடியில் எழுதியிருந்ததை விரலால் காட்டினேன்.

“நம்ம லயத்துல கரண்டே கம்மிதானம்மா, தாங்கும்,” என்றார் மாமா என்னிடம்.

“ஒங்க மாமாவுக்குத் தெரியாததா? நீ சும்மா இரு,” என்றார் அம்மா.

படித்த திமிர் என்ற பட்டம் எனக்கு ஏற்கெனவே இருக்கிறது. சும்மா இருந்தேன்.

அம்மா குக்கரில் அரிசியைப் போட, மாமா சுவிட்சைத் தட்டினார். ஒரே நிமிடத்தில் புகை. மாமா என்னை முறைத்தார். “தெரிஞ்சா வாயத் தொறந்து சொல்ல மாட்டியா?”

உங்கள் வீடுகளிலும் இப்படித்தானா?

அம்மா அரிசியைப் பானைக்கு மாற்றி, விறகடுப்பில் வைத்தார்.