கையில் கொண்டுபோகும் சாமான்

கட்டிலில் கவிழ்த்துக் கொட்டிய கைப்பைக்குள்ளிருந்து ஒரு சோடி சப்பாத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தபடி, "இது ஆற்றை?" என்று கேட்கிறார் மெற்றில்டா அக்கா.

"அது மேல்வீட்டு அண்ணையின்ர மருமகனுக்கு," என்கிறான் சூசைதாசன். நாளைக்கு அவன் சென்னைக்குப் பறக்க வேண்டும். லண்டன் ஸ்ட்ரெதமில் அவனுடைய அறை, கட்டிலைத் தவிர நிற்கவும் இடமில்லாத அறை.

"உம்மட இன்சுலின் எங்கை?"

"பெரிய சூட்கேசுக்குள்ளை பத்திரமாக் கிடக்கு அக்கா."

"நல்ல பத்திரம். ஊரான்ர சப்பாத்து உம்மட மடியிலை, உம்மட உயிர் பிளேனின்ர அடியிலை. அங்கை கிடந்து விறைச்சால் அந்த மருந்து வெறும் தண்ணி. பெட்டி வராமல் விட்டால் அந்தத் தண்ணியும் இல்லை. அப்ப என்னத்தைக் குத்துவீர், சப்பாத்தையோ?"

சப்பாத்து கதவடிக்குப் போய் விழுகிறது. அதன் பின்னால் இரண்டு போத்தல் கோப்பித் தூள், யாருடைய பிள்ளைக்கோ ஒரு பொம்மை, ஒரு கட்டுச் சவர்க்காரம். காலியான பைக்குள் முதலில் ஊசிகள், பிறகு அகன்ற வாய் பிளாஸ்கில் இன்சுலின், டொக்டரின் கடிதம், ஒரு பெட்டி பிஸ்கற், குளுக்கோஸ் வில்லைகள். எல்லாம் அடுக்கி முடிந்ததும் கடைசிக் கேள்வி வருகிறது.

"இன்சூரன்சிலை சீனி வருத்தம் எண்டு சொன்னனீரோ?"

"கேட்டவை அக்கா. சொன்னால் காசு கூடக் கேப்பினம் எண்டு..."

"இப்பவே போன் அடிச்சுச் சொல்லும். சொல்லாத வருத்தத்திலை விழுந்தால் அவங்கள் உம்மைத் திரும்பியும் பாக்கமாட்டாங்கள்."

அவன் போன் அடிக்கும் வரை அக்கா எழும்புவதாயில்லை. அவன் முன்னாலேயே தன்னுடைய தேநீரில் கரண்டி நிறையச் சீனியைப் போட்டு, சத்தம் வரக் கலக்கிக் குடித்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு அந்த வருத்தம் இல்லை. இல்லை என்பதை வருத்தக்காரருக்கு இப்படிக் காட்டுவதில் அவருக்கு ஒரு குரூரமான திருப்தி உண்டு, நான் மறைக்கப் போவதில்லை.

பள்ளிக்கூடச் சமையலறையில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு பரிமாறுவது அவருடைய வேலை. ஐந்தடிக்கும் குறைவான உருவம். இறந்துபோன கணவனின் கோட்டைத்தான் குளிருக்குப் போடுவார். அது அவருக்குக் கணுக்கால் வரை வரும். சீனி வருத்தத்தோடு யாராவது பயணம் போகிறார்கள் என்று காதில் விழுந்தால் அழைப்புக்குக் காத்திராமல் போய் நிற்பார். சனம் அவருக்குக் கஸ்டம்ஸ் அக்கா என்று பெயர் வைத்திருக்கிறது. அதை அவர் அறிவார். "கஸ்டம்ஸ்காரன் சம்பளத்துக்குக் கொட்டுறான், நான் சும்மா கொட்டுறன்," என்பார். அவருக்குக் கார் இல்லை. பக்கத்து வீட்டில் குடியிருக்கும் பாவத்துக்கு நான்தான் சாரதி. பிளாஸ்க் மலிவு என்று நகரின் மறுகோடி அப்டன் பார்க் வரைக்கும், அதுவும் மழைக்குள், என்னை இழுத்தடித்திருக்கிறார்.

எங்கள் ஆட்களின் இந்தப் பார்சல் வியாதிக்கு எந்த டொக்டரிடமும் மருந்து கிடையாது. ஒருவர் டிக்கெற் எடுத்தால் அந்தச் செய்தி அவருடைய மனைவிக்குத் தெரியுமுன் மற்றவர்களின் பொதிகள் வாசலுக்கு வந்துவிடும். மாட்டேன் என்று சொன்னால் முகம் முறிந்துபோகும். முகம் முறியாமல் இருக்க முதுகு முறியச் சுமக்கிற சாதி நாங்கள். "தனக்கு மிஞ்சித்தான் தானம்" என்று வாய் கிழியச் சொல்லுவோம், சொல்லிக்கொண்டே அடுத்தவனின் சவர்க்காரத்தை எங்கள் பெட்டிக்குள் திணிப்போம்.

அப்படி மாட்டேன் என்று சொல்லத் தெரியாத ஒரு மனிதர்தான் மெற்றில்டா அக்காவின் கணவர் செபமாலைமுத்து. தபால் பிரிக்கும் இடத்தில் வேலை, சாந்தமான ஆள், நாளுக்கு இரண்டு தரம் இன்சுலின் ஊசி. எண்பத்தெட்டில், யாழ்ப்பாணத்திலிருந்து வள்ளத்தில் தப்பித் திருச்சிக்கு வந்துசேர்ந்த தாயைப் பார்க்கப் புறப்பட்டார். கைப்பைக்குள் பிளாஸ்கை வைத்து அடுக்கிவிட்டுத்தான் அக்கா வேலைக்குப் போனார். அவர் இல்லாத நேரத்தில் நோர்பரியிலிருந்து, தெரிந்த குடும்பத்துச் சிவமலர் வந்தாள். திருச்சியில் இருக்கும் தன் தங்கை புதுவீடு குடிபுகுகிறாள் என்று ஒரு மணிக்கூடு கொண்டுவந்திருந்தாள். கண்ணாடிக் கூண்டுக்குள் பித்தளைக் குண்டுகள் சுற்றுமே, அந்த மணிக்கூடு.

"அண்ணை, உடையிற சாமான். கையிலை கொண்டுபோங்கோ," என்றிருக்கிறாள்.

மனிதர் மறுபேச்சில்லாமல் கைப்பையைத் திறந்து, பிளாஸ்கையும் ஊசிகளையும் எடுத்துச் சூட்கேசுக்குள் வைத்துவிட்டு, மணிக்கூட்டைத் துவாயில் சுற்றிக் கைப்பைக்குள் இறக்கினார். மதராசில் அவர் இறங்கினார், சூட்கேஸ் இறங்கவில்லை. மணிக்கூட்டை மடியில் வைத்துக்கொண்டு திருச்சி போய்ச் சேர்ந்தார். அங்கே மருந்துக்கடைகள் இல்லையா என்று கேட்பீர்கள். தெருவுக்குத் தெரு இருந்தன. "பெட்டி நாளைக்கு வந்திடும், சோத்தை விட்டால் ஊசி தேவையில்லை," என்று தாய்க்குச் சொல்லியிருக்கிறார். சோற்றைத் தின்னாவிட்டால் சீனி ஏறாது என்பது எங்கள் ஆட்களிடம் வேதவாக்கு. வெறும் வயிற்றோடு ஓங்காளித்துச் சத்தி எடுக்கத் தொடங்கி, பிறகு நினைவு தப்பி, ஆஸ்பத்திரியில் முடிந்துபோனார்.

உடலை லண்டனுக்குக் கொண்டுவர இன்சூரன்ஸ்காரர் மறுத்துவிட்டார்கள். டிக்கெற்றோடு இன்சூரன்சும் எடுத்துத் தந்த ஏஜென்ற் எங்கள் ஆள். வருத்தம் ஏதும் உண்டா என்று அவன் கேட்டபோது மனிதர் இல்லை என்று சொல்லியிருந்தார். மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த காலம். தகப்பனுக்குச் சீனி என்று அவன் வாய்வழியாக மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விடும் என்ற பயம். செத்த மறுநாளே தென்லண்டன் முழுவதற்கும் அது தெரிந்துவிட்டது. சம்பந்தமும் போயிற்று. அக்கா திருச்சிக்குப் போய் அவரை அங்கேயே அடக்கம் செய்துவிட்டு, கொடுபடாமல் கிடந்த மணிக்கூட்டோடு திரும்பி வந்தார். சூட்கேஸ் அடக்கத்துக்குப் பிறகு பத்திரமாக வந்துசேர்ந்தது.

முப்பத்தோராம் நாள் பூசைக்குச் சிவமலரும் வந்தாள். எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அக்காவின் காதோரம் குனிந்து கேட்டாள்.

"இந்த நேரத்திலை கேக்கிறன் எண்டு குறை நினையாதேங்கோ. அந்த மணிக்கூடு குடுபட்டதோ?"

"இல்லை," என்றார் அக்கா.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை, இவர் கொடுக்கவில்லை. மணிக்கூடு அதே துவாயில் சுற்றியபடி அக்காவின் அலுமாரிக்கு மேலே இருந்தது. கலியாண மண்டபங்களில் இவர் ஒரு மூலை, அவள் ஒரு மூலை. "அவர் சீனியிலை சாகேல்லைத் தம்பி. மாட்டன் எண்டு சொல்லத் தெரியாமல் செத்தவர்," என்று என்னிடம் சொல்லுவார். சொல்லும்போது அழமாட்டார், பல்லைக் கடிப்பார்.

போன மாதம் சிவமலர் அக்காவுக்குப் போன் எடுத்தாள். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். அவளுக்கும் இப்போது சீனி. குளிசை போதாமல் ஊசிக்கு வந்துவிட்டது. திருச்சித் தங்கை படுக்கையில் கிடக்கிறாள், போயே ஆகவேண்டும், ஊசியோடு பயணம் போய்ப் பழக்கமில்லை, பயமாக இருக்கிறது, ஒருக்கா வந்து பார்க்க ஏலுமோ? அக்கா போனைக் காதில் வைத்தபடி அலுமாரிக்கு மேலே பார்த்தார்.

"எப்ப பிளைற்?" என்று மட்டும் கேட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்களுக்கென்ன விசரோ? மணிக்கூட்டைக் கேட்ட வாய் அது. கிடந்து அந்தரப்படட்டும்," என்றேன்.

"காரை எடும்," என்றார்.

காரில் ஏறியபோது அக்காவின் மடியில் அந்தத் துவாய்ப் பொதி இருந்தது. நோர்பரி வரைக்கும் அதை அவர் கீழே வைக்கவில்லை.

சிவமலர் மெலிந்திருந்தாள். அவளுடைய கணவர் பரமேஸ்வரன் தேநீரும் சீனிக் கிண்ணமும் பெட்டி அடுக்கும் படுக்கையறைக்கே கொண்டுவந்து வைத்தார். அக்கா தொடவில்லை. பொதியைக் கதிரைக்குக் கீழே வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினார். வழக்கமான சிடுசிடுப்பு இல்லை, கேலி இல்லை. டொக்டரின் கடிதத்தை வாசித்தார். இன்சூரன்சில் வருத்தத்தைச் சொன்னதற்கான தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். சாப்பாடு பிந்தினால் என்ன செய்யவேண்டும், கை நடுங்கினால் எதை வாயில் போடவேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்வதுபோல் இரண்டு தரம் சொல்லிக்கொடுத்தார். "அங்கை பெட்டி துலைஞ்சால் சோத்தை விட்டுட்டு இருக்கிறேல்லை. உடனை டொக்டரிட்டைப் போறது," என்றபோது மட்டும் குரல் தடித்தது. சிவமலர் குனிந்துகொண்டாள்.

கைப்பையைக் கவிழ்த்தால் விழ ஒன்றுமில்லை. சிறிய பை, அதற்குள் பிளாஸ்கும் ஊசிகளும் மட்டும்.

"நான் ஆரிட்டையும் ஒரு சாமானும் வாங்கேல்லை அக்கா," என்றாள் சிவமலர்.

"ஒண்டு இருக்கு," என்றார் மெற்றில்டா அக்கா.

குனிந்து பொதியை எடுத்துக் கட்டிலில் வைத்துத் துவாயைப் பிரித்தார். கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை.

"உடையிற சாமான். கையிலை கொண்டுபோங்கோ," என்றார் அக்கா.

பைக்குள்ளிருந்து பிளாஸ்கை வெளியே எடுத்தார். மணிக்கூட்டைத் துவாயில் திரும்பச் சுற்றி உள்ளே இறக்கினார். ஊசிகள் பக்கவாட்டில் அடங்கின, பிளாஸ்குக்கு இடமில்லை. அதைக் கையில் பிடித்தபடி, வாய் திறந்து கிடந்த பெரிய சூட்கேசுக்கு முன்னால் போய் நின்றார். நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். சிவமலர் அசையவில்லை. தன்னையே அதற்குள் வைத்தாலும் சரி என்பதுபோல் நின்றாள்.

அக்கா திரும்பி வந்து அவளுடைய இரண்டு கைகளையும் இழுத்து, பிளாஸ்கை அவற்றுக்குள் திணித்தார்.

"அங்கை போய் இறங்குமட்டும் இது உம்மட கையை விட்டுப் போகக்கூடாது. கக்கூசுக்குப் போனாலும்."

அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி பிளாஸ்கைச் சுற்றி வைத்து, அவற்றின் மேல் தன் கைகளை வைத்து அழுத்தினார். சிவமலருக்கு நொந்திருக்கும். அவள் கையை இழுக்கவில்லை, அக்காவும் விடவில்லை.