நான் ஒட்டிய நீலக் கடிதம்

வெளிநாட்டுக்கு எழுதும் நீலநிற ஏரோகிராமின் ஓரத்துப் பசை நாக்கில் பட்டால் லேசாக இனிக்கும். அறுபதுகளில், கொடைக்கானலில் வெளிநாட்டுப் பிள்ளைகள் தங்கிப் படித்த பள்ளியொன்றில் நான் விடுதி மேட்ரனாக இருந்தேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பிள்ளைகள் வீட்டுக்குக் கடிதம் எழுதுவார்கள். நான் படித்துப் பார்ப்பேன். பெற்றோர் பதறும்படி ஏதாவது இருந்தால் பிள்ளையைக் கூப்பிட்டு மாற்றி எழுதச் சொல்லிவிட்டு, நாக்கால் நனைத்து ஒட்டுவேன். அப்படி ஒட்டியவற்றுக்குக் கணக்கில்லை. ஒன்றுதான் இன்னும் மறக்கவில்லை.

அதை எழுதியவள் பத்து வயது அமெரிக்கப் பெண். தாய் இல்லை. தகப்பனார் விமானப்படையில், வியட்நாமில் இருந்தார். பொன்னுக்குவீங்கி வந்தபோது ராத்திரி பகலாகப் பார்த்துக்கொண்டவள் நான். அவளுக்குத் தலை பின்னிவிட்டதும் தமிழ் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். சாப்பிட்டதும் என் கட்டிலில் வந்து உட்கார்ந்து கதை பேசுவாள். அப்போதுதான் மதுரையிலிருந்து சரித்திர டீச்சர் வந்து சேர்ந்தார். சின்ன வயது, தட்டுத்தடங்கல் இல்லாத இங்கிலீஷ். இரண்டே மாதத்தில் என் கட்டில் காலியாகிவிட்டது. டீச்சர் அறையில் செய்தித்தாளை விரித்துப்போட்டு இருவரும் குனிந்திருப்பதை ஜன்னல் வழியே பார்ப்பேன். எனக்கு வயிறு எரியும். நாசூக்காகச் சொல்ல வேறு வார்த்தை என்னிடம் இல்லை.

அந்த வியட்நாம் போரால் ஆசிரியர்களே இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தார்கள். அமெரிக்கப் படை அங்கே போகாவிட்டால் ஆசியா முழுவதும் சிவப்பாகிவிடும் என்பார்கள் சிலர். அது அந்த ஊர்க்காரர்கள் பாடு என்பார்கள் மற்றவர்கள். ஒருநாள் டீச்சர் என் ஸ்டோர் ரூம் தராசை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், வகுப்புக்கு எடுத்துப் போய்விட்டார். கோபமாகப் பின்னாலேயே போனேன். ஒரு தட்டு அமெரிக்கக் கூட்டணி, மற்றது ரஷ்யக் கூட்டணி. என் பெண்ணின் கையைத் தட்டுக்கு அடியில் வைக்கச் சொல்லி, இரு பக்கமும் மாற்றி மாற்றிப் படிக்கல் போட்டார். தட்டு இறங்கும்போதெல்லாம் அவள் விரலில் இடித்தது. கடைசியில் முள் நேராக நின்றது. இதைத்தான் சமாதானம் என்கிறார்கள், அடிபட்ட கை யாருடையது என்று டீச்சர் கேட்டார். "வியட்நாம்" என்றாள் அவள், விரலைத் தேய்த்துக்கொண்டே.

சாயங்காலம் டீச்சர் என்னிடம், "அடுத்தவங்க வீட்டுச் சண்டையில இவுங்களுக்கு என்ன சோலிங்கக்கா? பிள்ளைங்க யோசிக்கட்டும்னுதான் காட்டுனேன்" என்றார்.

"தராச எடுத்தா ஒரு வார்த்த கேக்கணும்ங்க" என்றேன். அவர் சொன்னது சரிதான் என்று பட்டது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அந்த ஞாயிறு அவள் எழுதியிருந்தாள்: 'அப்பா, அங்கே உங்களுக்கு ஒரு வேலையும் இல்லை என்று எங்கள் டீச்சர் சொல்கிறார். திரும்பி வந்துவிடுங்கள்.' இரண்டு முறை படித்தேன். இது போனால் டீச்சரின் வேலையும் போகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அவளைக் கூப்பிட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். கூப்பிடவில்லை. டீச்சர் போனால் பெண் என்னிடம் திரும்பி வருவாள் என்று நினைத்தேன். நனைத்து ஒட்டினேன்.

ஒரு மாதம் கழித்துத் தகப்பனாரின் புகார்க் கடிதம் வந்து, பிரின்சிபால் என்னை விசாரித்தபோது, "அன்னைக்கு ஒரே தலைவலிங்க, பாக்காம ஒட்டிட்டேன்" என்றேன். நம்பிவிட்டார். டீச்சர் டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க மட்டும் பாத்திருந்தா நிறுத்தியிருப்பீங்கக்கா. என் கெட்ட நேரம்." தலையை ஆட்டினேன்.

அன்று சாப்பிட்டதும் கட்டிலில் காத்திருந்தேன். அவள் வந்தாள், உட்காரவில்லை. நான் சொல்லிக்கொடுத்த தமிழில் சொன்னாள்: "ஆன்ட்டி, நீங்க படிச்சீங்க. நான் பாத்தேன். தப்புன்னா கூப்புடுவீங்கல்ல. கூப்புடல. அதான் சரின்னு நெனச்சேன்."

இப்போதும் ஏதோ ஒரு பெரிய நாடு எங்கோ படை அனுப்பியது நியாயமா என்று டிவியில் கத்துகிறார்கள். நான் எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கிறேன். நாக்கில் அந்த இனிப்பு தட்டுகிறது. டீச்சர் போன அடுத்த ஞாயிறே அவள் தன் கடிதத்தைத் தானே ஒட்டி எடுத்து வந்தாள். பிரித்துக் காட்டு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.