வெள்ளிக்கிழமை முகம்

ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். லாரி கிளீனர், சூரத்தில் துணி ஆலைக் கூலி, நாகப்பட்டினத்தில் ஓட்டல் மாஸ்டர் என்று அலைந்தேன். எங்கேயும் வேர் பிடிக்கவில்லை. வயதான பிறகு குடலில் புற்றுநோய் வந்ததும் கருவடிக்குப்பத்தில் அக்கா வீட்டு முன்னறையில் கட்டில் போட்டுக்கொண்டேன். அறுவை சிகிச்சை முடிந்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ.

முதல் கீமோ அன்றே நர்ஸ் என் போனில் ஒரு ஆப்பை ஏற்றிக் கொடுத்தார். தினமும் காலையில் அது கேட்கும்: காய்ச்சல் உண்டா, வாந்தி உண்டா, வாயில் புண் உண்டா, கால் மரத்துப்போகிறதா. ஒவ்வொரு கேள்விக்கும் கீழே சிரிக்கிற முகத்திலிருந்து அழுகிற முகம் வரை வரிசையாக இருக்கும். பொருந்துகிறதை அமுக்கினால் ஆஸ்பத்திரியில் பார்ப்பார்கள்.

"காய்ச்சல்னா மட்டும் நாளைக்குன்னு வெக்காதீங்கப்பா. இந்த மருந்து எதிர்ப்பு சக்திய கொறைச்சிடும். உடனே அமுக்குங்க" என்றார்.

நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்றே யாருக்கும் தெரியாமல் பல வருஷம் ஓடியிருக்கிறது. தினமும் ஒருவர் என் வாய்ப்புண்ணை விசாரிப்பது பிடித்துப்போனது.

வெள்ளிக்கிழமைதான் சிக்கல். விளக்கேற்றுகிற அந்த நாளில் நோய், சாவு, இல்லை என்ற பேச்சே அக்கா வீட்டில் கூடாது. அரிசி தீர்ந்தால்கூட "நெறைஞ்சிருக்கு" என்பாள். என் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் சிரிக்கிற முகத்தையே அமுக்க வைத்தாள்.

இரண்டாவது கீமோவுக்குப் போனபோது நர்ஸ் கேட்டார்.

"வியாழக்கிழம அழுவுறீங்க, சனிக்கிழம அழுவுறீங்க. வெள்ளிக்கிழம மட்டும் அப்படி என்னப்பா சாப்புடுறீங்க?"

"எங்கக்கா உத்தரவு" என்றேன்.

அவர் அக்கா பக்கம் திரும்பினார். "வெள்ளிக்கிழம காய்ச்சல் வந்தா என்னம்மா பண்ணுவீங்க?"

"வராது" என்றாள் அக்கா.

அடுத்த வாரமே வந்தது. வெள்ளிக்கிழமை விடிந்தபோது பல் கிட்டியது. தெர்மாமீட்டரில் நூற்றிரண்டு. அக்கா தலைக்குக் குளித்துவிட்டு, திரியை எண்ணெயில் நனைத்துக்கொண்டிருந்தாள். நான் போனை எடுத்தேன்.

"பொழுது சாயட்டும்டா. அப்புறம் பாத்துக்கலாம்."

"குளிருதுக்கா."

"சொல்லாத."

எழுந்து வந்து என் கழுத்தைத் தொட்டாள். கையை எடுக்கவில்லை. ஏற்றாத விளக்கையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வாயால தான சொல்லக் கூடாது. வெரலால அமுக்குனா என்ன? குடு இங்க."

எண்ணெய் விரல் திரையில் வழுக்கியது. புடவையில் துடைத்துக்கொண்டு மறுபடி அமுக்கினாள். எல்லாக் கேள்விக்கும் அழுகிற முகம்தான்.

"எனக்கு வாந்தி வரலக்கா."

"இருக்கட்டும். சீக்கிரம் கூப்புடுவாங்க."

உலை கொதிப்பதற்குள் போன் வந்தது, உடனே கிளம்பி வரச் சொல்லி. ஆட்டோக்காரர் என் நடுக்கத்தைப் பார்த்துவிட்டு, "அவருக்கு என்னம்மா?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கான். நீ வேகமா போ" என்றாள் அக்கா.

ரத்த அணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. படுக்க வைத்து மருந்து ஏற்றினார்கள். காய்ச்சல் இறங்கியது. தள்ளிப்போன மூன்றாவது கீமோவும் நல்லபடியாக முடிந்தது.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் போன் அக்கா கையில். என்னை எதுவும் கேட்பதில்லை. பார்த்துப் பார்த்து அவளே அமுக்குகிறாள். போன வாரம் கால் மரத்துப்போகும் கேள்வியில் அழுகிற முகத்துக்குப் போனாள். ஏன் என்று பார்த்தேன். வாசலைக் காட்டினாள். என் செருப்பில் ஒன்று படியிலேயே கழன்று கிடந்தது. அது கழன்றதே தெரியாமல் நான் உள்ளே வந்திருக்கிறேன்.