ஸ்டெல்லா அக்கா சொன்ன பெயர்

துவாக்குடியில் நான் வேலை பார்க்கும் பட்டறையின் கேட்டுக்கு வெளியே தாஸ் நின்றிருந்தான். தலையிலிருந்து ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. பாலக்கரையிலிருந்து அவ்வளவு தூரம் வண்டியில் வந்தவன் உள்ளே வந்து என்னைக் கேட்டிருக்கலாம். வாட்ச்மேனிடம் சொல்லி அனுப்பியிருக்கலாம். இரண்டும் செய்யாமல், மதியச் சாப்பாட்டுக்கு நான் வெளியே வரும்வரை வெயிலில் நின்றிருக்கிறான்.

"ஸ்டெல்லா அக்கா இறந்துட்டாங்க மலரு. காலையில."

கல்யாண மண்டபத்தில் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தவர் தலை வலிக்கிறது என்று ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பிறகு எழவில்லை. மூளையில் ரத்தக்கசிவு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். நாற்பது வயதுகூட ஆகியிருக்காது. தாஸ் சொல்லி முடித்த பிறகும் நான் சாப்பாட்டுப் பையைப் பிடித்தபடி நின்றிருந்தேன். அடுத்து எங்கே போவது என்று இருவருக்கும் தெரியவில்லை.

இதைப் படிக்கும் பலருக்கும் அவர் மைக்செட் அக்கா. காதுகுத்து, நிச்சயதார்த்தம், மாதா கோயில் திருவிழா எதுவானாலும் பாலக்கரையில் அவருடைய ஸ்பீக்கர் பெட்டிதான் பாடும். ஆண்கள் சட்டையைக் கைமடித்துப் போட்டுக்கொண்டு, பையில் டெஸ்டரோடு ஸ்டூலில் ஏறி நிற்கும் உருவம் உங்களுக்கும் நினைவிருக்கும். கடையின் பின்னறையில், பழைய மெத்தைகளைச் சுவரில் அடித்து அவர் ஒரு ரெக்கார்டிங் ரூம் வைத்திருந்தது கொஞ்சம் பேருக்குத்தான் தெரியும். என் கல்லூரி விழாவுக்கு மைக் போட வந்தபோது, தொகுப்பாளருக்காக நான் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டுகளைப் படித்துவிட்டு, "யாரு எழுதினது?" என்று மேடையிலிருந்தே கத்தினார். நான் கையைத் தூக்கவில்லை. பக்கத்தில் இருந்தவள் தூக்கிவிட்டாள். அப்படித்தான் அந்தப் பின்னறைக்குப் போனேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். வாழைக்கொல்லையில் வேலை செய்யும் அப்பாவிடம் ராப் என்றால் என்ன என்று விளக்க முடியாமல், பாட்டு எழுதுகிறேன் என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

அக்கா, பீட் போட்டுப் பாடும் தாஸ், நான் என்று மூவரும் அங்கே செய்துகொண்டிருந்தது, ஒரு ரௌடிப் படத்தை முழு ஹிப்-ஹாப் ஆல்பமாக மாற்றுவது. எந்தப் படம் என்று பாலக்கரையில் யாரும் கேட்க மாட்டார்கள். நாங்கள் குழந்தைகளாக இருந்தபோது இங்கேயே எடுத்து, தியேட்டரில் ஒரு வாரம்கூட ஓடாமல் போய், பிறகு சிடியிலும் செல்போனிலும் பரவி, இன்று டீக்கடையில் எந்த வசனத்தைத் தொடங்கினாலும் யாராவது முடித்துவைக்கும் படம். தெரியாதவர்களுக்காகக் கதையைச் சொல்கிறேன். ஒரே கும்பலில் இரண்டு நண்பர்கள், லோகுவும் துரைமணியும். எதிர்க்கும்பலோடு சமாதானம் பேச முக்கொம்பு அணைக்குப் போகிறார்கள். அங்கே எதிர்க்கும்பலின் தலைவனை யாரோ கத்தியால் குத்திவிடுகிறார்கள். கேமரா குத்தியவனின் காலை மட்டும் காட்டுகிறது. நண்பர்களில் யார் குத்தியது என்று படம் சொல்வதில்லை. இருவரும் பழியை ஏற்றுக்கொண்டு ஒன்றாகச் சிறைக்குப் போகிறார்கள். படம் முடிகிறது. அந்தக் கால் யாருடையது என்ற சண்டை இன்னும் முடியவில்லை. தெருவில் லோகு கட்சி, துரைமணி கட்சி என்று இரண்டு கட்சிகளே உண்டு. துரைமணி கட்சிக்கு முன்னால் நிற்பவர் தாஸின் அண்ணன். "செருப்பு வாரு அறுந்திருக்கு பாரு. அது லோகு கால்தான். துரைமணி குத்தவே இல்ல" என்று அவர் போனை நிறுத்தி நிறுத்திக் காட்டுவதை நானே பார்த்திருக்கிறேன்.

அக்கா வேலை செய்யும் விதமே வேறு. முதல் நாள் டிவியைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்துவிட்டு, "இப்பப் படம் பாருங்க" என்றார். தாஸ் சிரித்தான். "கேக்குறவனுக்குக் கண்ணு கிடையாதுடா தாசு. காதுல விழாதது நம்ம ஆல்பத்துல நடக்கவே இல்ல" என்றார். அப்படி ஒலியை மட்டும் கேட்டபோது, கத்திக்குத்து நடந்ததே தெரியவில்லை. மதகில் தண்ணீர் விழும் சத்தம், பிக்னிக் வந்த குழந்தைகளின் கூச்சல், அதற்கு நடுவே "மாங்கா, மாங்கா" என்று ஒரு பெண்குரல். படத்தில் ஒரு கணம் மட்டும் வந்துபோகிறவள், மாங்காய் விற்பவள். யாரும் அவளைக் கவனித்ததில்லை.

"இவ அங்கதான் நிக்கிறா. இவ பார்த்திருக்கா. மலரு, இவளுக்கு எழுது" என்றார் அக்கா.

பலமுறை கேட்ட பிறகு இன்னொன்றும் எனக்குப் பட்டது. குத்துக்குப் பின் லோகு "என்னடா ஆச்சு, என்னடா ஆச்சு" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். துரைமணி ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. செய்தவன் கேட்க மாட்டான். மாங்காய்க்காரியின் பாட்டில், குத்தியது துரைமணி என்று எழுதினேன். அக்கா படித்துவிட்டு நேராக மைக் முன் போய் நின்று, மாதிரிக்காகத் தன் குரலிலேயே பதிவு செய்தார்.

துரைமணியின் பாட்டுகளைப் பாடுபவன் தாஸ். அவன் முகம் சுண்டிவிட்டது. "என் வாயால அவனை ஹீரோவாப் பாட வச்சிட்டு, நீங்களே கொலைகாரன்னு சொல்றீங்களே அக்கா. நான் வீட்டுக்குப் போக வேணாமா?"

"ஆல்பம் வரட்டும். அதுவரைக்கும் யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் அக்கா. தெரியவைத்தவரும் அவரே. ஒரு காதுகுத்து விழாவில் பெட்டிகளைச் சோதித்துப் பார்க்கச் சாமிப்பாட்டு வைத்திருந்த பென்டிரைவுக்குப் பதிலாகத் தவறுதலாக எங்கள் பென்டிரைவைச் செருகிவிட்டார். தெருமுனைவரை கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர்கள் அத்தனையிலும், எல்லோருக்கும் தெரிந்த அக்காவின் குரலில், முக்கொம்பில் குத்தியவன் துரைமணி என்று முழங்கியது. பந்தல்காரர்கள் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் தாஸின் அண்ணனும் பத்துப் பதினைந்து பேரும் வந்துவிட்டார்கள்.

"படத்தைத் தொட்ட, பெட்டி ஒண்ணும் மிஞ்சாது" என்று ஒருவன் ஸ்பீக்கரை எட்டி உதைத்தான். குழந்தையின் தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டினார். அக்கா மைக்கை எடுத்தார். அவர்களைவிடச் சத்தமாகப் பேசப்போகிறார் என்று நினைத்தேன். அவர் மெதுவாகப் பேசத் தொடங்கினார். பேசப் பேச வால்யூமைக் குறைத்துக்கொண்டே வந்தார். என்ன சொல்கிறார் என்று கேட்பதற்காகவே முன்னால் நின்றவர்கள் பின்னால் இருந்தவர்களை அடக்கினார்கள். கடைசியில் மைக்கே இல்லாத குரலில் அவர் சொன்னது இதுதான்: "படம் எடுத்தவரு ஸ்ரீரங்கத்துல இருக்காரு. அவருகிட்டப் போறோம். அவரு வேணாம்னா எடுத்துடுறேன். இப்பப் புள்ளைக்குக் காது குத்தணும், வழி விடுங்கப்பா."

அதை ஒரு வாக்குறுதியாகவே அவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த வாரம் முழுவதும் அக்கா கடைக்கு முன்னால் யாராவது ஒருவர் பைக்கில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

இயக்குநரின் வீடு சித்திரை வீதியில் இருந்தது. அந்த ஒரே படத்தோடு சினிமாவை விட்டவர். நெற்றியில் திருமண்ணோடு, பனியனில் வந்து கதவைத் திறந்து, "வாங்கோ, உக்காருங்கோ" என்றார். ரௌடிப் படம் எடுத்தவர் இவர்தானா என்று தாஸ் என்னைப் பார்த்தான். லேப்டாப்பில் ஒவ்வொரு பாட்டாகப் போட்டோம். கண்ணை மூடி, தொடையில் தாளம் போட்டுக் கேட்டார். மாங்காய்க்காரி துரைமணியின் பெயரைச் சொன்னதும் தாளம் நின்றது.

"நிறுத்துங்கோ. பேரைச் சொல்லப்படாது."

"ஏன் சார்?" என்றார் அக்கா.

"அது தெரியாததனாலதான் ஜனங்க இன்னும் அந்தப் படத்தைப் பேசிண்டிருக்கா. என் கையில மிஞ்சினது அது ஒண்ணுதான். மத்த பாட்டெல்லாம் தாராளமாப் பண்ணுங்கோ. இது வேண்டாம்."

தாஸ் பெருமூச்சு விட்டான். அவனுக்கு அது நிம்மதி. தெருவில் கொடுத்த வாக்குப்படி எல்லாம் முடிந்துவிட்டது. அக்கா எதிர்த்துச் சண்டை போடுவார் என்று காத்திருந்தேன். அவரோ, "நான் எழுதல சார். இவதான் எழுதினா. இவகிட்டக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

அக்கா எனக்காகப் பேசிவிடுவார் என்று அவரைப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. இயக்குநர் எழப்போவதுபோல் நாற்காலிக் கையைப் பிடித்தார். அப்போதுதான் பேசினேன்.

"ரெண்டு பேரும் ஜெயிலுக்குப் போறாங்க சார். அதுல ஒருத்தன் குத்தல. இவ பார்த்திருக்கா. இவ சொல்லலேன்னா அவன் உள்ளேயே கெடப்பான்."

அவர் நாற்காலிக் கையை விட்டுவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். "இத்தனை வருஷமா யார் குத்தினதுன்னுதான் கேக்கறா. குத்தாதவனைப் பத்தி ஒருத்தர்கூட என்கிட்டக் கேட்டதில்லே" என்றார். பிறகு மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்தார். "ஒண்ணு சொல்றேன், வெளியில சொன்னா நம்ப மாட்டா. அன்னிக்கு ரெண்டு ஹீரோவும் ஷூட்டிங்குக்கே வரலை. வெளிச்சம் போயிண்டிருந்தது. லைட்பாயை நிக்க வெச்சுக் காலை மட்டும் எடுத்தேன்."

"சார்..." தாஸின் குரல் கீச்சென்றது. "அந்த அறுந்த செருப்பு வாரு?"

"அது அவனோட செருப்புப்பா. பாவம், வேற இல்லே அவன்கிட்ட."

கிளம்பும்போது வாசல்வரை வந்து, "பேர் இருக்கட்டும். ஆனா அந்தப் பொண்ணை அவசரப்படுத்தாதீங்கோ. சொல்றதுக்கு முன்னாடி மூச்சு வாங்கட்டும்" என்றார். காவிரிப் பாலத்தில் ஆட்டோ போகும்போது அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "டேய், உங்க அண்ணன் மண்டைய ஒடச்சுக்கிட்டதெல்லாம் ஒரு லைட்பாய் செருப்புக்குடா!" தாஸ் முதலில் முறைத்தான். பாலம் முடிவதற்குள் அவனும் சிரித்துவிட்டான். ஆனால் வீட்டில் அதைச் சொன்னபோது அண்ணன் நம்பவில்லை. நாங்கள் கிழவரை ஏமாற்றிவிட்டோம் என்றாராம்.

அந்த வாரமே அக்கா மாங்காய்க்காரியை மறுபடி பாடிப் பதிவு செய்தார். பெயருக்கு முன்னால் அந்த மூச்சு நன்றாகக் கேட்கிறது. நல்ல பாடகியை வைத்து இன்னொரு முறை எடுக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு நேரம் கிடைக்கவில்லை. ஆல்பத்தில் இருப்பது அவர் குரல்தான்.

கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டு வெளியே வந்தபோது தாஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "அண்ணன் ஒண்ணு சொல்றான். பேரை மட்டும் மியூட் பண்ணிட்டுப் போடலாமாம். செத்துப்போனவங்க குரலை ஆளாளுக்குத் திட்டுவானுங்க, வேணாம்கிறான். மலரு, அவன் சொல்றது தப்புன்னு எனக்குத் தோணல."

எனக்கும் அது தப்பு என்று உடனே சொல்ல முடியவில்லை. அழுது வீங்கிய கண்ணோடுதான் தாஸின் அண்ணனும் அங்கே நின்றிருந்தார். அக்காவின் சவப்பெட்டியைத் தூக்கி இறக்க அவரும் தோள் கொடுத்திருந்தார். ஆனால் பெயரை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று யோசித்தேன். ஒரு பெண் மூச்சை இழுக்கிறாள், பிறகு ஒன்றும் சொல்வதில்லை.

"மூச்சு வாங்கிட்டு நிறுத்திட்டாங்கன்னா, அக்கா பயந்துட்டாங்கன்னு ஆயிடும் தாசு. வேணாம்" என்றேன்.

"சரி. நானே அப்லோடு பண்றேன். பழி சுமக்குற துரைமணி என் ஆளுதானே" என்றான். அந்த ஞாயிற்றுக்கிழமையே போட்டான். அவன் அண்ணன் இன்னும் அவனோடு பேசவில்லை.

அக்காவின் பெட்டிகளும் ஒயர்களும் அவர் கூடப்பிறந்த அண்ணனிடம் இருக்கின்றன. பீட்டுகள் இருக்கும் லேப்டாப் தாஸிடம். ஸ்ரீரங்கத்தில் எனக்காகப் பேசிவிடாமல் அவர் சாய்ந்து உட்கார்ந்திருந்த அந்த நேரம்தான் என்னிடம் இருப்பது. அன்று அது இரக்கமற்றதாக இருந்தது. நான் பேசுவேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை என்று இப்போது தெரிகிறது.

பாட்டெழுதியவள் என்று என் பெயரைப் போட்டிருப்பதால், யார் யாரோ நம்பரைத் தேடிப்பிடித்து அழைக்கிறார்கள். "நீ யாருடி துரைமணியைச் சொல்ல?" என்று ஆரம்பிக்கிறார்கள். நான் துண்டிப்பதில்லை. கத்தி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருக்கிறேன். பிறகு சொல்கிறேன்: "லோகு குத்தலைங்க."