பல்பின் மண்டையும் மனைவியின் வாயும்

அந்தத் தாடை அறுவைச் சிகிச்சை மருத்துவமனையின் லிஃப்ட்காரருக்கு நாற்பது வயதிலேயே தலை துடைத்து வைத்தாற்போல் வழுக்கையாகிவிட்டது. எல்லோரும் 'பல்பு' என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் கூச்சமில்லாமல் திரும்பிப் பார்ப்பார்.

மூன்றாம் மாடிக்கு முப்பரிமாணக் கேமரா வந்தது. சுற்றிலுமிருந்து ஒரே நொடியில் படமெடுத்து, கம்ப்யூட்டரில் முழுத் தலையாக்கிக் காட்டும். மூக்கு, மண்டை எல்லாம் திரையிலேயே அளந்துகொள்ளலாம். அந்த அளவு சரிதானா என்று காலிப்பர் என்ற இடுக்கி அளவுகோலை நேரில் முகத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். முடி இருந்தால் கேமரா முடியைத்தான் அளக்கும், மண்டையை அல்ல. படமெடுக்கும் பெண் லிஃப்டில் ஏறினாள், பல்பைப் பார்த்தாள், கையோடு இழுத்துக்கொண்டு போனாள்.

முதல் படத்தில் உச்சந்தலையில் பெரிய ஓட்டை.

"ஓவரா மின்னுதுண்ணே. கேமராவுக்கு அந்த இடம் பிடிபடல."

வீட்டில் இதைச் சொன்னதும் மனைவி, "மண்டையில ஓட்டைன்னு கண்டுபிடிக்க இத்தனை கேமராவா? என்னைக் கேட்டிருந்தா சும்மாவே சொல்லியிருப்பேனே" என்றாள்.

பவுடர் பூசியதும் ஓட்டை அடைபட்டது. மண்டையும் மூக்கும் காலிப்பரோடு ஒரு மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போயின. வாய்தான் அடங்கவில்லை, படத்துக்குப் படம் வேறு அகலம். டாக்டர் கேமரா கம்பெனிக்காரரைப் போனிலேயே வறுத்தெடுத்தார். பாவம், அந்த ஆள் மேல் தப்பில்லை. 'ரெடி' என்றதும் பல்பு இளித்துவிடுகிறார்.

"சிரிக்காதீங்கண்ணே."

"நான் எங்கம்மா சிரிச்சேன்? மூஞ்சியே அப்படித்தான்."

மதியச் சாப்பாடு கொடுக்க வந்த மனைவி கேமராவுக்குப் பின்னால் வந்து நின்றாள். பல்புக்கு முகம் தொங்கிப்போனது. அதுவும் ஒத்துவரவில்லை, இப்போது வாய் கோணியது.

"நீங்க உக்காருங்கக்கா" என்றாள் அந்தப் பெண், அலுத்துப்போய்.

மனைவி உட்கார்ந்தாள். எத்தனை படம் எடுத்தாலும் உதடு இம்மி நகரவில்லை. பக்கத்தில் நின்று பல்பு ஜோக் அடித்துப் பார்த்தார். ம்ஹூம்.

"எப்படிக்கா?"

"இவர் ஜோக்குக்குச் சிரிக்காம இருந்து பழகிப்போச்சும்மா."

அன்றிலிருந்து கேமராவைச் சரிபார்க்க இருவரையுமே கூப்பிடுகிறார்கள். லிஃப்டில் யாராவது விசாரித்தால் பல்பு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வார்:

"மண்டை என் டிபார்ட்மென்ட் சார். வாய், எங்க வீட்டம்மாவோடது."